மணி அடித்தால் தாவுகிறவன்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊர், நண்பர்கள், மாணவர்கள் எல்லோருக்கும் அவன் 'ரெண்டுபக்கம்'தான்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்து அது. பேச்சுப்போட்டி, தலைப்பு 'உழைப்பா, அதிர்ஷ்டமா?'. அந்தப் பள்ளியில் மேடையேறத் துணிந்தவன் இவன் ஒருவன்தான். எதிரணிக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் பரிசும் இல்லை. நடுவராக வந்தவர் கிளம்புவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இவன் அவர் முன்னால் போய் நின்று, "சார், எதிரணியிலயும் நானே பேசிடறேன்" என்றான். அவருக்கும் வந்ததற்கு ஒரு வேலை வேண்டுமே, திரும்ப வந்து உட்கார்ந்தார்.

மேடையின் இடது மூலையில் நின்று உழைப்பைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினான். கைதட்டல் அடங்குவதற்குள் இறங்கி, மேடையைச் சுற்றி ஓடி, வலதுபக்கப் படியில் ஏறி, "எனக்கு முன்னால் பேசிய நண்பர் நல்லவர், விவரம்தான் போதாது" என்று ஆரம்பித்து, சற்று முன் தான் பேசியதைக் கிழித்துத் தோரணம் கட்டினான். முதல் பரிசும் அவனுக்கே, இரண்டாம் பரிசும் அவனுக்கே. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சோப்பு டப்பா. டிராக்டர் ஓட்டிவிட்டு வந்த அப்பா இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவதா வந்த பையன் யாருடா?"

"அதுவும் நான்தாம்ப்பா."

அப்பா சோப்பு டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டு, "சரி, அவனையும் நல்லா படிக்கச் சொல்லு" என்றார்.

அந்த இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்களோ என்னவோ, அந்தக் குடும்பத்தில் அதுவரை யாருமே கையால் தொட்டிராத பட்டத்தை அவன் வாங்கிக்கொண்டு வந்தான். கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக எடுத்த போட்டோவை அப்பா கூடத்தில் மாட்டவில்லை. கூடத்தில் மாட்டினால் உள்ளே வருகிறவர்கள் மட்டும்தானே பார்ப்பார்கள்? வாசற்படிக்கு மேலே, தெருவைப் பார்க்க மாட்டினார். மழை பெய்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுவார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பார். பார்க்காவிட்டால் அம்மா விடமாட்டாள். "மேல பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

வருஷம் பூராவும் ஒரு டுடோரியலில் பாடம் எடுத்தாலும், ரெண்டுபக்கம் உயிரோடு இருப்பது கோடை விடுமுறையில்தான். பூட்டிக்கிடக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாடியில் அப்போது பேச்சு, விவாதப் பயிற்சி முகாம் நடக்கும். அந்த வகுப்பறைச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பெயின்டில் எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நின்றுதான் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

முகாமின் முதல் நாள் பெற்றோர்கள் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "எங்க பையன் வாயத் திறக்கவே மாட்டேங்கிறான் சார். எப்படியாவது நாலு பேர் முன்னாடி பேச வெச்சிடுங்க." முகாம் முடிகிற வாரம் அதே பெற்றோர் வேறு முகத்தோடு வருவார்கள். "போதும் சார், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. தட்டுல சோத்த மிச்சம் வெச்சா ஏன்னு கேக்க முடியல. முன்னுரை, முடிவுரை எல்லாம் வருது."

இதற்கெல்லாம் காரணம் 'தாவல்' என்கிற பயிற்சி. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் தலைப்பை ஆதரிக்க வேண்டும், அந்தப் பக்கம் என்றால் எதிர்க்க வேண்டும். மேசைமேல் ஒரு மணி இருக்கும், ஓட்டல் வரவேற்பறையில் தலையில் தட்டுவார்களே அந்த மாதிரி. பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது அதைத் தட்டினால், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கோட்டைத் தாண்டிக் குதித்து, மூச்சு விடாமல் மறுபக்கம் பேச வேண்டும். விதிகள் கொஞ்சம்தான். மணி அடித்தால் தாவியே ஆக வேண்டும். மணி அடிக்காமல் தாவக் கூடாது. தாவியபிறகு 'ஆனால்', 'இருந்தாலும்' என்று இழுக்கக் கூடாது. பிறந்ததிலிருந்தே அந்தப் பக்கம்தான் இருந்தவன் மாதிரி பேச வேண்டும். காலையில் குளிப்பது நல்லதா, மாலையிலா என்ற தலைப்பில் ஒரு பையன் தாவித் தாவிப் பேசியதில் வேர்த்து ஊற்றி, கடைசியில் இரண்டு வேளையும் குளிக்க வேண்டியதாயிற்று.

தாவலைக் கண்டுபிடித்தவள் அடுத்த அறையில் பாடம் எடுத்தவள். பிள்ளைகள் அவளை 'நடுவரக்கா' என்பார்கள். எந்தப் போட்டிக்கும் அவள்தான் நடுவர். ஆனால் தீர்ப்பு மட்டும் அவள் வாயிலிருந்து வராது. "இந்த அணியும் பிரமாதம், அந்த அணியும் சளைச்சதில்ல" என்று இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிவிட்டு, "வீட்டுக்குப் போய் யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்பாள். நாளைக்கு வேறு தலைப்பு வந்துவிடும்.

மனசு மாறுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. கேன்டீனில், "அண்ணே, ஒரு டீ. இல்ல, காபி. வேணாம், டீயே குடுங்க" என்பாள். கேன்டீன்காரர் அவள் சொல்வதை எப்போதோ காதில் வாங்குவதை நிறுத்திவிட்டார். எந்தப் பாத்திரம் அடுப்பில் சூடாக இருக்கிறதோ அதிலிருந்து ஊற்றிக் கொடுப்பார். அவளும் குடித்துவிட்டு, "நான் கேட்டது இதுதான்" என்பாள்.

அந்தக் கேன்டீன் பெஞ்சில்தான் ரெண்டுபக்கம் தன் மனதைச் சொன்னான். முன்னுரை தயார் செய்து, நடுப்பகுதிக்கு வருவதற்குள்ளேயே அவள் "சரி" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு முடிவுரை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த 'சரி' இன்னும் சரியாகத்தான் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவன் வேலையாயிற்று.

முகாமின் கடைசிக்கு முந்தின வாரம், அதே பெஞ்சில், அவள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை டைல்ஸ் கடைக்காரர் வீட்லேருந்து வர்றாங்க."

"எதுக்கு, தரை போடவா?"

"என்னை அவருக்குப் பேசி முடிக்க."

அவன் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்து முங்கியது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல், "நீ உங்க அப்பாகிட்ட சொல்லலையா?" என்றான்.

"சொன்னேன். சிரிக்கிறார். 'போன மாசம் ஸ்கூட்டர் வேணும்னே, அப்புறம் சைக்கிளே போதும்னே, செருப்பு வாங்கப் போய் குடையோட வந்தே. இந்த வாரம் இவன்ங்கிற, அடுத்த வாரம் யாருன்னு சொல்லுவே'ங்கிறார். நான் சொன்னா எடுபடாது. நீ வந்து பேசு. சனிக்கிழமைக்குள்ள."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேன்னு லேசா சொல்லாத. நீட்டி முழக்கினா அவருக்குப் பிடிக்காது. எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கிற மனுஷன். பல்பு வேணும்னா பல்பு வேணும்னு கேக்கணும். இருட்டைப் பத்தியெல்லாம் பேசிட்டு நிக்கக் கூடாது."

விஷயம் ஊருக்குப் போயிற்று. அப்பா போனில், "நாங்க வந்து பேசட்டுமாடா? டிராக்டரை நிறுத்திட்டு இப்பவே கிளம்புறேன்" என்றார்.

"வேணாம்ப்பா. பேசுறதுதானே என் தொழில்."

"அதான் பயமா இருக்கு" என்று பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது.

பேசுவது தொழிலாக இருக்கிறவன் ஒத்திகை பார்க்காமல் போவானா? மறுநாள் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதினான்: 'பேச்சுப் பயிற்சியாளரை நம்பிப் பெண் கொடுக்கலாமா?'

வகுப்பு ஒரு கணம் அமைதி காத்தது, சுவர் கேட்டுக்கொண்டபடி. கடைசி பெஞ்சில் 'முணுமுணுப்பு' என்று பெயர் வாங்கிய ஒரு பெண் உண்டு. முகாமுக்கு வந்த நாளிலிருந்து அவள் பேசியது பக்கத்து பெஞ்சுக்கே கேட்டதில்லை. அவள் எழுந்து, மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரலில், "சார், இது பொதுத் தலைப்பா, சொந்தத் தலைப்பா?" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆதரவு அணி அவனைத் தங்கமே வைரமே என்று தாங்கியது. எதிரணிக்கு அதைவிட உற்சாகம். "அவர் வீட்ல சண்டை வந்தா ரெண்டு பக்கமும் அவரே பேசிடுவார். அந்த அக்காவுக்குப் பேச இடமே இருக்காது" என்றான் ஒருவன். "சாருக்கு டுடோரியல்ல சம்பளம் வர்ற தேதி அந்த டுடோரியலுக்கே தெரியாது" என்றாள் ஒருத்தி. ரெண்டுபக்கம் அதையெல்லாம் ரசித்தான், மெருகேற்றினான், 'இது நல்ல பாயின்ட்' என்று தட்டிக்கொடுத்தான். பிறகு தானே கோட்டில் ஏறி நின்றான். பிள்ளைகள் மாறி மாறி மணியைத் தட்ட, தனக்காகவும் தனக்கெதிராகவும் தாவித் தாவிப் பேசினான். வாரம் முழுக்க இதே கச்சேரி.

அடுத்த அறையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நடுவரக்கா தட்டும் சத்தம் கேட்கும். "சார், உங்க கிளாஸ்ல இன்னிக்கு என்ன தலைப்பு? இவ்வளவு சிரிப்பா இருக்கு?"

"சுற்றுச்சூழல், மேடம்."

எதிராளியின் பலவீனத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேடையேறக் கூடாது என்பது அவனே சொல்லித்தரும் பாடம். ஆகவே ஒரு சாயங்காலம் டைல்ஸ் கடைக்கும் போனான், வாங்க வந்தவன் மாதிரி. டைல்ஸ்காரர் நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "உங்க வீட்டுக்கு இவ்வளவு விலைக்கு வேணாங்க, இதுவே போதும், வழுக்காது" என்று மலிவான கல்லைக் காட்டினார். குறை கண்டுபிடிக்கப் போனவன் கையில் மாதிரிக் கல் ஒன்றோடும் மனதில் பெரிய மரியாதையோடும் திரும்பி வந்தான்.

சனிக்கிழமை வந்தது. அன்றைய வகுப்பு பிற்பகலில் முடிந்ததும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்பாவின் கடைக்கு எதிர்ச்சாரியில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். "கூப்பிட்டா வருவேன். கூப்பிடாம வந்தா உன்னை நான்தான் தூண்டிவிட்டேன்னு சொல்வார்" என்றாள்.

எலக்ட்ரிக்கல் கடை குறுகலாக, ரயில்பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. மேலே வயர்ச் சுருள்கள் தொங்கின. விற்காத மின்விசிறிகள் இறக்கை இல்லாமல் மொட்டைத் தண்டாக வரிசையில் நின்றன. கடையை எப்போதோ பின்பக்கம் நீட்டியிருக்கிறார்கள் போல. பழைய சிமெண்டுத் தரையும் புதிய தரையும் சேருகிற இடத்தில், குறுக்கே, ஒரு நேர்க்கோடு ஓடியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கால்கள் கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் கோட்டுக்குச் சரியாக ஒரு பக்கம் போய்த் தானாக நின்றன.

கடைக்காரர், அதாவது அவளுடைய அப்பா, சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, பல்லால் வயரை உரித்துக்கொண்டிருந்தார். கடையில் இன்னும் இரண்டு பேர். புதுவீடு கட்டி முடித்த கணவனும் மனைவியும். காலிங் பெல் வாங்க வந்தவர்கள். சுவரில் ஒரு பலகை முழுக்க விதவிதமான காலிங் பெல் பொத்தான்கள் இருந்தன. எந்தச் சத்தம் பிடிக்கிறது என்று அமுக்கிக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அப்போதுதான் பலகையின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேணும் தம்பி?" என்றார் கடைக்காரர்.

பல்பு வேணும்னா பல்பு வேணும்னு கேக்கணும். "உங்க பொண்ணு வேணும் சார்" என்றான்.

அவர் வயரை வாயிலிருந்து எடுத்தார். "அது விக்கிறதுக்கு இல்ல."

"ஐயோ, தெரியும் சார். கேட்ட விதம் தப்பு. கல்யாணம் பண்ணிக்கணும்னு கேக்க வந்தேன். முகாம்ல கூட வேலை பாக்கிறேன்."

"ஓ, அது நீதானா." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி, சொல்லு. சுருக்கமா."

ரெண்டுபக்கம் மூச்சை இழுத்தான். "சார், நான் பட்டதாரி. எங்க குடும்பத்துலயே முதல் ஆள். அப்பா டிராக்டர் ஓட்டிப் படிக்க வெச்சார். அந்தப் பட்டத்தோட அருமை எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு உங்க பொண்ணோட அருமையும்…"

டிங் டாங்.

புதுவீட்டு அம்மா முதல் பொத்தானை அமுக்கியிருந்தார். ரெண்டுபக்கத்தின் இரண்டு கால்களும் ஒட்டிக்கொண்டன. குதித்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கி, மூச்சு விடாமல் பேசினான்.

"பட்டத்தோட அருமை தெரியுமாம், தலைக்கனம் தெரியுமா சார் உங்களுக்கு? பட்டம் வாங்கின போட்டோவை எங்க அப்பா வாசல்ல மாட்டினப்ப, வேணாம்ப்பான்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. 'இன்னும் கொஞ்சம் மேல மாட்டுங்க, பஸ்லேருந்து தெரியட்டும்'னு சொன்னவன் நான். இப்படிப்பட்டவன் நாளைக்கு உங்க வீட்டு வாசலையும் விடுவானா?"

கடைக்காரர் எழுந்து நின்றார். "தம்பி, என்ன ஆச்சு?"

அவனுக்கே என்ன ஆச்சு என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினான். அதற்குள் புதுவீட்டு ஐயா, "இது ரொம்பப் பழசு, வேற பாக்கலாம்" என்று அடுத்த பொத்தானை அமுக்கினார். குருவி கத்தியது. கீ கீ கீ.

மறுபடி தாவினான். "உங்க பொண்ணைக் கண் கலங்காம பாத்துப்பேன் சார். எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். தனியா ரூம் எடுத்துத் தங்கிப் படிச்சவன். நாளைக்கு அவங்க வேலைக்குப் போயிட்டு வந்தா, நான்தான் அடுப்படியில நிப்பேன்."

"குருவி நல்லா இருக்குங்க" என்றார் அம்மா.

"காக்காவாட்டம் இருக்கு" என்றார் ஐயா. ஏதோ ஒரு பாட்டின் மெட்டு அடித்தது.

தாவல். "அடுப்படியில நிப்பான் சார், நிப்பான். குக்கர் விசில் அடிச்சா அதுக்கும் பக்கம் மாறுவானே, அந்தச் சோறு வெந்த மாதிரிதான். வேலைக்கு வாங்க. கோடை முடிஞ்சா இவனுக்கு டுடோரியல்தான். அங்க சம்பளம் வர்ற தேதி டுடோரியலுக்கே தெரியாது. இன்னும் கேளுங்க. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றாரே டைல்ஸ்காரர், அவரைப் பத்திக் கெட்டது கண்டுபிடிக்கணும்னு அவர் கடைக்கே வேவு பாக்கப் போனவன் இவன். போய் என்ன கண்டான்? தங்கமான மனுஷன். நாற்காலி போட்டார், தண்ணி குடுத்தார், விலை கம்மியான கல்லையே வாங்கச் சொன்னார். நானா இருந்தா அவருக்குத்தான் பொண்ணு குடுப்பேன்."

புதுவீட்டுத் தம்பதி பெல் தேடுவதை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக, "நாம அமுக்கினாத்தான் அந்தத் தம்பி குதிக்குது."

"சும்மா இரு. அதெப்படி?"

"பாருங்களேன்." டிங் டாங். அவன் குதித்தான். கீ கீ கீ. திரும்பக் குதித்தான். பேச வாய் திறப்பதற்குள் அடுத்தது. "உங்க பொண்ணு என்…" தாவல். "என்னை நம்பி…" தாவல். "நம்பினா…" தாவல். "நம்பாதீங்க…" ஐயாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "நான் ஒண்ணு அமுக்கிக்கறேன்" என்று பாட்டுப் பொத்தானை அமுக்க, பதிலுக்கு அம்மா குருவியை அமுக்கினார். பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"போதும்" என்றார் கடைக்காரர். எல்லாம் நின்றது. ரெண்டுபக்கத்துக்கு மூச்சு இரைத்தது. சட்டை மடிப்பு கலைந்து, தலைமுடி நெற்றியில் விழுந்து கிடந்தது.

"குருவியே குடுங்க" என்றார் புதுவீட்டு அம்மா. ஆனால் வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா இது?"

அவன் தாவலைப் பற்றிச் சொன்னான். கோடு, மணி, விதிகள், எல்லாம். வாரம் முழுக்க இதே தலைப்பில் ஒத்திகை பார்த்ததையும் சொன்னான். "பழக்கதோஷம் சார். நான் நினைக்கிறது அது இல்ல. நான் நினைக்கிறது அந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கம் வந்து சொல்லேன்."

அவன் குனிந்து பார்த்தான். பழைய தரையில், எதிர்க்கிற பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஒரு காலைத் தூக்கினான். கீழே வைத்துவிட்டான். "மணி அடிக்காம தாவக் கூடாது சார்."

"யாரு போட்ட சட்டம் அது?"

"உங்க பொண்ணு."

கடைக்காரர் பெல் பலகைக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். அவன் பலகையையே ஏக்கமாகப் பார்த்தான். எட்டி ஒரு பொத்தானை அமுக்க மாட்டாரா என்று புதுவீட்டு அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாவுக்கும் கை பரபரத்தது. கடைக்காரர் நகரவில்லை.

"இப்ப நீ சொன்னதுல எது நிஜம் தம்பி? போட்டோவை மேல மாட்டச் சொன்னது?"

"நிஜம் சார்."

"டைல்ஸ் கடைக்கு வேவு பாக்கப் போனது?"

"நிஜம்."

"சமைக்கத் தெரியுங்கிறது?"

"முட்டை வரைக்கும் நிஜம்."

கடைக்காரரின் மீசை லேசாக அசைந்தது. அவர் போனை எடுத்தார். "எங்கம்மா இருக்கே? கடைக்கு வா." போனை வைப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்தார், எதிரே ஜெராக்ஸ் கடையைப் பார்த்தார்.

"இந்தத் தம்பி தனக்கெதிரா ரொம்ப நல்லா பேசிச்சு" என்றார். "இப்ப நீ சொல்லு. இவனா, நாளைக்கு வர்றவரா?"

ரெண்டுபக்கம் அவளைப் பார்த்தான். டீயா காபியா என்று கேட்டாலே மூன்று பதில் சொல்கிறவள். தீர்ப்பே சொல்லாத நடுவர். போதாக்குறைக்குச் சுற்றிலும் பெல்கள்.

அவள் வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம், புதுத்தரையில் நின்றாள். "இவன்தாம்பா" என்றாள்.

"காரணம்?"

"நான் பேச ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் காத்திருப்பான். நான் மாத்தி மாத்திச் சொன்னாலும் சிரிக்க மாட்டான். கேன்டீன்ல எனக்கு வந்தது டீன்னா, தனக்கு வந்த காபியை எனக்குத் தெரியாம பக்கத்துல தள்ளி வெப்பான், ஒருவேளை நான் கேப்பேன்னு. அவ்வளவுதான்."

கடைக்காரர் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார். டிங் டாங்.

ரெண்டுபக்கம் தாவினான். அது அனிச்சை, யாராலும் தடுக்க முடியாது. கோட்டைத் தாண்டி அவளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். அவள் அசையவில்லை.

"மணி அடிச்சேன்மா" என்றார் அப்பா.

"கேட்டுச்சுப்பா."

"மாறணும்ல? உன் சட்டம்தானே?"

"மாற மாட்டேன்."

அவர் குருவியை அமுக்கினார். பாட்டை அமுக்கினார். இரண்டு கையாலும் பலகை முழுக்க அமுக்கினார். கடை முழுக்க டிங் டாங், கீ கீ, மெட்டு, நாய் குரைப்பு, ரயில் ஊதல், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. ரெண்டுபக்கம் அங்கேயும் இங்கேயுமாகத் தவளைபோலக் குதித்துக்கொண்டிருந்தான். புதுவீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர்கள் கை தட்டினார்கள். அந்தக் களேபரத்துக்கு நடுவே அவள் மட்டும், ஆணி அடித்த மாதிரி, புதுத்தரையில் இரண்டு காலையும் ஊன்றி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் கையை எடுத்தார். கடைசி ரயில் ஊதி ஓய்ந்தது.

"செருப்புக் கடையில நின்னதில்ல" என்றார் மெதுவாக. "துணிக்கடையில நின்னதில்ல. எந்தக் கடையிலயும் ஒரு நிமிஷம் ஒரே பக்கமா நின்னதில்ல இவ." பிறகு அவனைப் பார்த்து, "நீ போதும் தம்பி, உக்காரு. தரை பேந்துடும்" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு அவரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "டைல்ஸ்காரர் வீட்டுக்கு நான் பேசிக்கிறேன். நல்ல மனுஷன்னு நீயே சொல்லிட்ட, புரிஞ்சுப்பார். உங்க அப்பாவை வரச்சொல்லு."

"சரிங்க சார்."

"அவராவது ஒரே பக்கமா பேசுவாரா?"

"அவர் பேசவே மாட்டார் சார். போட்டோதான் காட்டுவார்."

அப்பா மறுநாளே வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு, தலைப்பெல்லாம் இல்லாமல், "இவன்தாங்க எங்க பையன்" என்று அதை நீட்டினார். கூட அம்மா, வழிநெடுக எல்லோரிடமும் காட்டியதில் களைத்துப்போயிருந்தாள். கடைக்காரர் போட்டோவை வாங்கி, நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கடையிலிருந்த பெரிய பல்பை எரியவிட்டுப் பார்த்தார்.

கல்யாணமாகி இப்போது அவர்கள் இருவரும் இருக்கும் வீட்டுக்குப் போனால் வாசற்படிக்கு மேலே அந்தப் போட்டோவின் பிரதி ஒன்று மாட்டியிருக்கும். பக்கத்தில் அவளுடைய பட்டமளிப்புப் போட்டோவும், ஒரு விரற்கடை உயரமாக. அதை இடது பக்கம் மாட்டுவதா, வலது பக்கமா என்பதில் அவள் மனசு மாறிக்கொண்டே இருந்ததால் சுவரில் ஆணி ஓட்டைகள் ஏராளம். தரை, டைல்ஸ்காரர் கடையில் வாங்கியது. வழுக்காது. ஒன்று மட்டும் அந்த வீட்டில் கிடையாது. எலக்ட்ரிக்கல் கடைக்காரரின் ஒரே மருமகன் வீடு, ஆனாலும் காலிங் பெல் வைக்கவில்லை. கதவில் ஓர் அட்டை தொங்கும், நடுவரக்காவின் கையெழுத்தில்: 'தயவுசெய்து தட்டவும்'.